இருபத்தைந்தாவது கூழாங்கல்

ஒருவனிடம் இருபத்தைந்து முறை சத்தியம் வாங்கிக்கொண்டு, அவன் உழைத்தது இருபத்துநான்கு ஆண்டுதான் என்று ஓர் அரசு சொன்னால், அந்த அரசுக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? பதிலைக் கையில் வைத்திருங்கள். எனிக்கா இந்தக் கேள்வியைக் கேட்ட அன்று அவளுக்குப் பதில் சொல்ல ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

பிரிட்டனின் வட எல்லையில் ரோமர்களின் மதில் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எனிக்கா அந்த மண்ணிலேயே பிறந்தவள். கோட்டையின் தெற்கு வாசலை ஒட்டிய குடியிருப்பில், நாணற்கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில், டிசாலா என்ற படைவீரனோடு பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தாள். ஒரே அடுப்பு, ஒரே கம்பளி, ஒரு மகன். ஆனாலும் அவள் அவனுக்கு மனைவி இல்லை. படைவீரனுக்குத் திருமணம் கிடையாது என்பது சட்டம். கோட்டைக்காரர்கள் அவளை "அந்தப் பொம்பளை" என்றார்கள். அவளுடைய சொந்தச் சனம் அதைவிட மோசமான பெயர் சொன்னது.

டிசாலா கடல் தாண்டித் தென்கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் திரேசியாவிலிருந்து வந்தவன். ரோமக் குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்து அமைத்த துணைப்படையில் காலாட்படை வீரன். அந்தப் படைக்கு ஓர் ஆசை காட்டப்பட்டிருந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைத்து முடித்தால் ஒரு வெண்கலப் பட்டயம் கிடைக்கும். அதில் வீரன் பெயரும் அவன் பிள்ளைகள் பெயரும் இருக்கும். அன்று முதல் அவர்கள் ரோமக் குடிமக்கள். மகன் சூரா குடிமகனானால் பெரும்படையான லீஜியனில் சேரலாம், அல்லது எதிலும் சேராமல் இருக்கலாம். அவனை நினைத்த நேரத்தில் எவனும் சவுக்கால் அடிக்க முடியாது. "என் அப்பா" என்று அவன் சட்டத்தின் முன்னால் சொல்லலாம். டிசாலாவும் எனிக்காவும் அந்தத் தகட்டுக்காகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மழைநாள், மதிலுக்கு வடக்கே அகழி வெட்டிக்கொண்டிருந்தபோது, ஆப்படித்துப் பிளந்த பாறையைத் தூக்கிய கயிறு அறுந்தது. டிசாலா அடியில் நின்றிருந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் நசுங்கிப்போய், மூன்று நாள் கிடந்து செத்தான். எதிரி எவனும் அவனைத் தொடவில்லை. தன் பணிக்காலத்தில் அவன் வாளை உருவியது இரண்டு முறை. அதில் ஒரு முறை, மாட்டின் கழுத்தில் இறுகிக்கொண்ட கயிற்றை அறுப்பதற்கு.

திரேசியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன், நல்ல நாள் என்றால் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லும் கெட்ட நாள் என்றால் ஒரு கறுப்புக் கல்லும் பானையில் போட்டு வைப்பார்கள். ஆள் செத்த பிறகு மற்றவர்கள் பானையைக் கவிழ்த்து எண்ணி, அவன் வாழ்ந்தது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று முடிவு செய்வார்கள். டிசாலா அதைச் சுருக்கிக்கொண்டான். "நாளுக்கு ஒண்ணுன்னா மதிலைவிட என் பானை பெருசாயிடும்" என்பான். ஆண்டுக்கு ஒரு கல்தான் போட்டான். புத்தாண்டில் படைமுழுக்க வரிசையில் நின்று பேரரசருக்கு மறுபடியும் விசுவாசச் சத்தியம் செய்யும். சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், போனதை நினைத்துப் பார்த்து ஒரு கல்.

இந்தப் புத்தாண்டில் ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டுவிட்டு, "இருபத்தஞ்சு சத்தியம் ஆச்சு எனிக்கா. இனிமே தகடு வர வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்லியிருந்தான்.

அவனை எரித்த மறுநாள், அவன் தோழன் தார்சாவும் எனிக்காவும் பானையைக் கம்பளிமேல் கவிழ்த்தார்கள். தார்சாவும் திரேசியன். ஒரே கூடாரத்தில் டிசாலாவோடு படுத்து எழுந்தவன்.

"வெள்ளை எத்தனை அண்ணி?"

"ஒன்பது."

"பரவாயில்லையே! எங்கிட்ட நாலுதான் தேறும். இதுல ஒண்ணு உங்களைப் பார்த்த வருஷத்துக்கானதா இருக்கும்."

"அந்த வருஷம் கறுப்புதான் போட்டாராம். அவரே சொன்னாரு. வருஷம் பூரா பல்வலியாம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு எனிக்கா கறுப்பை எண்ணினாள். பதினாறு. மொத்தம் இருபத்தைந்து. ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து, இரண்டாம் முறையும் எண்ணினாள். அதே இருபத்தைந்து.

படைவீரர்கள் சேர்ந்து நடத்தும் சாவுச் சங்கம் கல்லறைக் கல்லுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டது. கல்தச்சன் காமுலோ கோல் நாட்டுக்காரன். சாலையோரக் கொட்டகையில் பாதி செதுக்கிய கல்லறைக் கற்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பான். மேல்பாதியில் உருவம் தயாராக இருக்கும். கீழ்ப்பாதி எழுத்துக்காகக் காலியாக இருக்கும். சாகிறவனுக்கு எது பொருந்துகிறதோ அது.

தார்சாவோடு வந்த எனிக்காவுக்குக் காமுலோ முதலில் குதிரைவீரன் உருவம் போட்ட கல்லைக் காட்டினான்.

"இவரு காலாட்படைண்ணே. குதிரை எதுக்கு?"

"குதிரையை விடும்மா. அதோட காலுக்குக் கீழே கிடக்கிறானே காட்டான், அவனைப் பாரு. ஒவ்வொரு முடியையும் எவ்வளவு நுணுக்கமா போட்டிருக்கேன்!"

எனிக்கா குனிந்து பார்த்தாள். "எங்கண்ணன் மாதிரியே இருக்கான்."

காமுலோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனான். அதில் ஒருவன் கட்டிலில் சாய்ந்து படுத்து, கையில் கிண்ணத்தோடு விருந்து உண்டுகொண்டிருந்தான்.

"படுத்துக்கிட்டா சாப்பிடுவாங்க?"

"பணக்காரங்க அப்படித்தான்."

"இவரு நின்னுக்கிட்டே கூழ் குடிப்பாரு. பாதி குடிக்கறதுக்குள்ள ஊது கொம்பு ஊதிடும்."

"செத்ததுக்கு அப்புறமாவது படுக்கட்டுமே தங்கச்சி" என்றான் காமுலோ. அதற்குமேல் அவள் மறுக்கவில்லை.

கரித்துண்டை எடுத்துக்கொண்டு அவன் கேட்க ஆரம்பித்தான். "வயசு?"

"தெரியாதே. நாப்பத்திரெண்டு, மூணு இருக்கும்."

"நாப்பத்தஞ்சுன்னு போடறேன்."

"அவ்வளவு ஆகலைண்ணே."

"இந்த எல்லையில எவனுக்கும்மா வயசு தெரியும்? எல்லாரும் முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பதுன்னுதான் சாவாங்க. முப்பத்தேழுல செத்தவன் ஒருத்தனையும் நான் இதுவரைக்கும் செதுக்கினதில்ல. சரி, பணி எத்தனை வருஷம்?"

"இருபத்தஞ்சு" என்றாள் எனிக்கா. இதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. "பானையில எண்ணினோம்."

"கல்லைச் செய்வித்தது யாரு?"

"நான்."

கரித்துண்டு நின்றது. தார்சா தன் கால்கட்டைவிரலைப் பார்த்தான். காமுலோ மெல்லச் சொன்னான்: "எப்படிம்மா போடறது? மனைவின்னு போட்டா கோட்டையில கேட்பாங்க. உயில்ல வாரிசுன்னு இருக்கறது தார்சா பேரு."

"என் பேரு இருந்தாலும் கல்லு உங்களோடதுதான் அண்ணி."

அவள் அந்தக் காலியான பாதியை விரலால் தொட்டுக் காட்டினாள். "என் பேரு வேண்டாம். அந்த இருபத்தஞ்சை மட்டும் நல்லாத் தெரியற மாதிரி பெருசா வெட்டுங்க. சூராவுக்கு அது போதும்."

அவள் எண்ணைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மதிலில் ஒவ்வொரு குழுவும் தான் கட்டிய பகுதியில் தன் பெயர் வெட்டிய கல்லைப் பதிக்கும். மூன்று வருடம் முன்பு, டிசாலாவின் குழு கட்டி முடித்த நாற்பது அடி மதிலில், அவர்கள் சாப்பிடப் போன வேளையில், பக்கத்துக் குழு தன் பெயர்க்கல்லைப் பதித்துவிட்டது. கைகலப்பு ஆனது. கண்காணிப்பாளர் வந்தார். யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்லைப் படித்தார், பலகையில் குறித்துக்கொண்டார், போய்விட்டார். டிசாலா வீட்டுக்கு வந்து, உதட்டில் ரத்தத்தோடு, விழுந்து விழுந்து சிரித்தான். "கல்லுல இருந்தா அதுதான்டி நடந்தது. ரோமாபுரிக்கு வேற சாட்சி வேண்டாம்."

அவன் கோபத்தில் சொன்னதை அவள் சட்டம் என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. கல்லின் பேச்சு எடுபடும் இடம் வேறு, எடுபடாத இடம் வேறு என்பது அந்தச் சிரிப்பில் இல்லை.

கல் சாலையோரத்தில் நின்ற பத்தாம் நாள், சூராவை அழைத்துக்கொண்டு அவள் கோட்டை வாசலுக்குப் போனாள். படைவீரர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் நொவெல்லோ மெழுகுப் பலகைக் கட்டோடு வெளியே வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அந்த வேலைக்குக் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"யாரும்மா நீ?"

"டிசாலாவோட..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "டிசாலா பையனுக்கு அம்மா. பட்டயம் விஷயமா வந்தோம் ஐயா."

நொவெல்லோ பலகைகளைத் தள்ளித் தள்ளிப் படித்தான். "டிசாலா, சிலா மகன். சேரும்போது வயது இருபது. நெற்றியில் தழும்பு. சேர்ந்தது அக்டோபர் இரண்டு. செத்தது ஆகஸ்டு இருபத்துநாலு." விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். "இருபத்துநாலு வருஷம், பத்து மாசம், சொச்சம். முப்பத்தொன்பது நாள் குறையுதும்மா."

"எதுக்குக் குறையுது?"

"இருபத்தஞ்சுக்கு."

"இல்லையே ஐயா. இருபத்தஞ்சு கல்லு இருக்கு."

"கல்லா?"

அவள் பானையைத் திறந்து காட்டினாள். நொவெல்லோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு வந்தும் சிரிக்காமல் சொன்னான்: "இது சத்தியக் கணக்கும்மா. சேர்ந்த மூணாவது மாசமே முதல் சத்தியம் வந்திருக்கும். அதனால ஒண்ணு கூடுது. சத்தியம் வேற, பணி வேற."

"இருபத்தஞ்சு தடவை வரிசையில நிக்க வெச்சு வாங்கினீங்களே! வாங்கும்போது எண்ணத் தெரிஞ்சுது, குடுக்கும்போது தெரியலையா?"

வாசலில் நின்ற காவலர்கள் ஈட்டியைப் பார்த்தார்கள், மழையைப் பார்த்தார்கள்.

"முப்பத்தொன்பது நாள் இருந்திருந்தாலும் கையில வந்திருக்காதும்மா" என்றான் நொவெல்லோ. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான். "முடிச்சவங்களே ரெண்டு பேரு இன்னும் அகழி வெட்டிட்டிருக்காங்க. மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்தாதான். செத்தவனுக்கு அதுவும் கிடையாது. தெய்வச் செயல், என்ன செய்ய?"

தெய்வச் செயல்! அறுந்த கயிற்றை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகக் குழுவினர் கேட்டார்கள். தரவில்லை. இருபத்தைந்து என்ற எண்ணை எந்தத் தெய்வமும் மெழுகில் எழுதவில்லை. மனிதர்கள் எழுதினார்கள். மனிதர்கள் எழுதியதை மனிதர்கள் மாற்றலாம். ஆனால் மாற்றச் சொல்ல வந்தவளிடம் வானத்தைக் காட்டுவது எல்லாக் காலத்திலும் சுலபம்.

அப்போதுதான் எனிக்கா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "ஐயா, சாலையில வந்து பாருங்க. கல்லுல வெட்டியாச்சு. இருபத்தஞ்சுன்னு."

நொவெல்லோவின் முகம் மாறியது. "எந்தக் கல்லுல?"

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தச் சாலையில் நிற்கும் நூறு கற்களில் ஒன்றாக அது நின்றிருக்கும். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? இப்போது கோட்டைக்குள் செய்தி போனது. படைத்தலைவரின் உத்தரவு வந்தது. பணிக்காலம் பொய்யாக இருக்கக் கூடாது. ஒன்றை விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு கல்லைக் காட்டிக்கொண்டு வருவாள். திருத்து, இல்லையேல் உடை.

காமுலோ உளியோடு வந்தபோது எனிக்கா கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வைக்கு நொவெல்லோ. கூடவே வரப் பணிக்கப்பட்டவன் தார்சா.

"எழுந்திரு தங்கச்சி."

"மாட்டேன்."

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாதே! உன் சட்டத்துல நான் உனக்கு யாரு? சொல்லு. இந்த ஆளுக்கு முன்னாடி சொல்லு."

தார்சா ஓர் அடி பின்வாங்கினான். அவனுக்கு இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருந்தது. ஒரு வார்த்தை தவறினால் அது மூன்றாக இருக்காது.

எனிக்கா நொவெல்லோவிடம் திரும்பினாள். "வயசு நாப்பத்தஞ்சுன்னு இருக்கே, அது பொய்தான். பதினேழு பதினெட்டுல சேர்ந்தவரு. அதையும் திருத்தறதுதானே?"

"அது உங்க இஷ்டம்மா. வயசு எப்படி இருந்தா யாருக்கு என்ன?"

ஒரு மனிதன் பூமியில் இருந்த காலத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளலாம். அவன் அவர்களுக்கு உழைத்த காலத்தில் மட்டும் ஒரு நாள் கூடிவிடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் பத்தொன்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

காமுலோ குனிந்து அவள் காதோடு பேசினான். "நான் செய்யலைன்னா உடைச்சிடுவாங்க. அவரு பேராவது மிஞ்சட்டும்மா."

அவள் எழுந்தாள். யாரும் இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. தானாக எழுந்து, நான்கு அடி தள்ளி நின்றாள். அதைத்தான் பிறகு தன் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரோம எழுத்தில் இருபத்தைந்து என்பது இரண்டு பெருக்கல் குறியும், ஐந்துக்கு ஒரு கூர்முனையும். காமுலோ அந்தக் கூர்முனையைக் கொத்தி எடுத்தான். கல் சில்லுகளாகத் தெறித்தது. அவள் கேட்டபடியே பெரிதாக வெட்டியிருந்ததால் நேரம் பிடித்தது. கொத்திய இடத்தில் ஒரு குழி விழுந்தது. குழிக்குள் நான்கு மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிக் கீறினான். நொவெல்லோ விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்துவிட்டுப் போனான்.

"வேணும்னேதான் ஆழமாக் கொத்தினேன்" என்றான் காமுலோ, உளியைத் துடைத்துக்கொண்டே. "சுண்ணாம்பு பூசினாலும் மறையாது." அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

முப்பத்தொன்பதாவது நாள் வந்தது. அக்டோபர் இரண்டு. வழக்கம்போல மழை. கொம்பு ஊதியது, அகழியில் ஆப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. அன்று காலை அவன் உயிரோடு எழுந்திருந்தால் இருபத்தைந்து முடிந்திருக்கும் என்பது எனிக்காவைத் தவிர யாருக்கும் நினைவில் இல்லை.

சூரா அதே மாதக் கடைசியில் அதே படையில் சேர்ந்தான். வேறு எங்கே போவான்? நிலம் கிடையாது. அம்மாவின் சனம் அவனை ரோமாபுரியின் குட்டி என்று விரட்டியது. ரோமாபுரி அவனை யாருடைய பிள்ளை என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவன் தோள் மட்டும் படையின் கண்ணில் பட்டது. மண்வெட்டிக்கு ஏற்ற தோள்.

"வயசு?" என்று கேட்டான் நொவெல்லோ.

"பதினெட்டு."

"இருபதுன்னு போடறேன்."

"தேதியை மட்டும் சரியா எழுதுங்க ஐயா" என்றாள் பின்னால் நின்ற எனிக்கா.

நொவெல்லோ தலையைத் தூக்காமல் எழுதினான். சரியாகத்தான் எழுதினான். அவன் ஒருநாளும் தேதியைத் தவறாக எழுதியதில்லை.

புத்தாண்டில் சூரா முதல் சத்தியத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கூழாங்கல். அவள் பார்க்கும் முன் விரல்களை மூடிக்கொண்டான்.

"அப்பா பானை எங்கேம்மா?"

"இல்லடா."

"எங்க போச்சு?"

"கொட்டிட்டேன். எண்ணிக்கை அவங்க கையில இருக்கறப்போ நமக்கு எதுக்குடா பானை?"

கற்களை அவள் கல்லறைக்கல்லின் அடியில் கொட்டியிருந்தாள். வெள்ளை ஒன்பதும் கறுப்பு பதினாறும் சேற்றில் பாதி புதைந்து கிடந்தன. சூரா போய்த் தன் கல்லையும் அங்கே போட்டான். என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு மாதமாக அவன் முதுகை அவள் துடைத்துவிடுகிறாள். சவுக்கின் தடம் அவளுக்குத் தெரியும்.

பிறகு அவள் எத்தனை ஆண்டு இருந்தாள், எங்கே எரித்தார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அவளுக்குக் கல் கிடையாது. சூராவின் குழுவைக் கடலோரக் கோட்டைக்கு மாற்றினார்கள். அதற்குப் பின் அவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

கல் நிற்கிறது. தெற்கு வாசலிலிருந்து இறங்கும் சாலையில், இடப்பக்கம், கட்டிலில் படுத்து விருந்து உண்பவனின் உருவம். கீழே: டிசாலா, சிலாவின் மகன், திரேசியன், வயது நாற்பத்தைந்து, பணி ஆண்டு. அதன் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி, பிறகு அந்தக் குழி. கடைசி வரியில், வாரிசு தார்சா இதைச் செய்வித்தான், மண் உனக்கு லேசாக இருக்கட்டும். பாறை விழுந்து செத்தவனுக்கு அந்த வாழ்த்து.

வழியில் போகிறவர்கள் கல்லறை எழுத்தை நின்று வாய்விட்டுப் படிப்பது இந்தச் சாலையின் வழக்கம். நீங்களும் போவீர்கள். போகும்போது அவசரமாக இருந்தாலும் நில்லுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். எண் இருக்கும் இடம் வந்ததும் அந்தக் குழிக்குள் விரலை வைத்துப் பாருங்கள், நான்கு கோடு தட்டுப்படும். அவற்றைப் படிக்காதீர்கள். இருபத்தைந்து என்று சொல்லுங்கள். செய்வித்தது யார் என்ற இடத்தில் எனிக்கா என்று சொல்லுங்கள். கோட்டை வாசலில் நிற்பவனுக்குக் கேட்கும்படி, உரக்கச் சொல்லுங்கள்.